துண்டு துண்டாய் ஒரு குடும்பம்

பழைய பதிவேடுகளைத் திரையில் ஒட்டி, வேர் தேடும் பெங்களூருத் தமிழர்கள்

ஹலசூர் ஏரிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறாள் பேத்தி. ஐ.டி. கம்பெனியில் வேலை. லீவு நாளில் அவள் தேடுவது தாத்தாவின் பெரியப்பாவை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் மெட்ராஸில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர் அவர். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

திரையில் இரண்டு படங்கள். கப்பல் பேரேட்டின் இடது பக்கம் ஒன்று: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி. வலது பக்கம் இன்னொன்று: ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். ஓர் ஆளைப் பற்றிய ஒரே வரிதான். புத்தகத்தின் நடுத்தையலில் முறிந்து இரண்டு போட்டோவாகிக் கிடக்கிறது. வலது பக்கத்தை இழுத்து இடது பக்கத்தின் ஓரத்தில் வைக்கிறாள். கோடுகள் சேர்கின்றன. பெயர் சரி, தகப்பன் பெயரும் சரி. கிராமத்தின் பெயரைத் தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கிறார்.

“இது நம்ம ஊரு இல்லம்மா.”

பேத்தி படத்தைப் பெரிதாக்கி மேலிருந்து வரிகளை எண்ணுகிறாள். வலது பக்கத்தைப் படமெடுத்தபோது தாள் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மேலே ஒழுங்காகச் சேர்ந்த கோடு, கீழே வர வர ஒரு வரி நழுவியிருக்கிறது. அடுத்த ஆளின் ஊர் இவர் பெயருக்கு நேரே வந்து உட்கார்ந்திருக்கிறது. சாய்வை நிமிர்த்தி மறுபடி ஒட்டுகிறாள். இப்போது வருவது வாலாஜாவுக்குப் பக்கத்து ஊர். கடைசிக் கட்டத்தில் இடது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருக்கிறது.

“ஆயா சொல்லுவாங்க, சின்ன வயசுல மாடு முட்டின தழும்புன்னு” என்கிறார் தாத்தா.

கல்யாணப் பத்திரிகைக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் நாம் பயன்படுத்துகிற போட்டோஷாப், ஜிம்ப் போன்ற மென்பொருள்கள்தான் இங்கே குடும்ப வரலாற்றுக்கு உதவுகின்றன. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியதும், அப்பா அம்மா பெயரை 2002, 2005 பட்டியல்களில் தேட வேண்டிய நிலை வந்தது. ஊரில் ஓட்டும் பெங்களூருவில் பிழைப்புமாக இருப்பவர்கள், ஸ்கேன் செய்த பழைய பட்டியல்களை பூத் பூத்தாகப் புரட்டினார்கள். இன்னொரு பக்கம், 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிய பேச்சு. டிரங்குப் பெட்டிகளைத் திறக்க வேண்டிய காலம் இது.

ஒரே ஊரில் இரண்டு கணக்கு

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் கை வைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில். வீடு வீடாக எழுதிய அந்தத் தாள்களில் பெயர், வயது, உறவு, தொழில், பிறந்த இடம் எல்லாம் இருக்கும். குடும்பத்தின் பாதி ஒரு பக்கத்தின் அடியிலும் மீதி அடுத்த பக்கத்தின் தலையிலும் விழுந்திருந்தால், இரண்டையும் வெட்டி, மேலே தலைப்புக் கட்டங்களை வைத்து, ஒரே படமாக ஒட்டிக்கொள்வார்கள். பத்து வருடத்துக்கு ஒரு தாள் என்று அடுக்கினால் குடும்பம் வளர்ந்ததும் பிரிந்ததும் ஒரே பார்வையில் தெரியும்.

நம்மிடம் ஒட்டுவதற்கு அந்தத் தாளே இல்லை. எண்ணாமல் விட்டதால் அல்ல. 1872 முதல் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறோம். எண்ணி முடித்ததும் அட்டவணைகளை அச்சிட்டு, ஆளுக்கொரு வரி எழுதிய தாள்களைக் கழித்துவிட்டார்கள்.

1911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10 இரவு இந்தியா முழுக்கத் தலைகளை எண்ணினார்கள். பெங்களூரு கண்டோன்மெண்டிலும் எண்ணினார்கள். மூன்று வாரம் சொச்சம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, பிரிட்டன் தன் கணக்கை எடுத்தது. வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தாரையும் அவர்கள் குடும்பத்தையும் முழு விவரத்தோடு அந்த ஆண்டுதான் முதல்முறையாகச் சேர்த்தார்கள். அதனால் இந்தியாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாயின் பெயரும் மனைவி மக்களின் பெயரும் இன்று லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். அதே கண்டோன்மெண்டில் அந்தச் சிப்பாய்க்குச் சமைத்தவர், துணி வெளுத்தவர், பாரக்ஸுக்குக் கல் சுமந்தவர், பிளாக்பள்ளிச் சந்தையில் கடை போட்டவர் ஆகியோர் அச்சிட்ட அட்டவணையின் கூட்டுத்தொகையில் கரைந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1809-ல் கண்டோன்மெண்ட் அமைந்ததிலிருந்து ராணுவத்தின் பின்னால் வந்த வட ஆற்காட்டு, சேலத்துக் குடும்பங்கள்.

பெங்களூருத் தமிழன் தன் குடும்பத்தை ஒட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், காரணம் இதுதான்.

■ யார் திறந்தார்கள், யார் மூடினார்கள்?

பிரிட்டன் கணக்கெடுப்புத் தாள்களை 100 ஆண்டு பூட்டி வைத்துப் பிறகு திறக்கிறது. 1921 தாள்கள் 2022 ஜனவரியில் திறந்தன. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் போயின. அமெரிக்காவில் பூட்டுக் காலம் 72 ஆண்டு. 1950-ன் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. இந்தியாவில் 1948-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15-ஆம் பிரிவின்படி, தனிநபர் பதிவுகளைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்ற கெடுவும் அந்தப் பிரிவில் இல்லை.

எதை எதோடு சேர்ப்பது?

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி கொஞ்சம் எளிது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று பேரேடுகள். சிவாஜிநகர் மரியன்னை தேவாலயம் போன்ற பழைய கத்தோலிக்கப் பங்குகளில் பிரெஞ்சு மிஷனரிகள் இருந்ததால் பழைய பதிவுகளில் லத்தீன் வரும். ‘இன்னாரின் மகன்’ என்பதற்கு ‘ஃபிலியுஸ்’ என்று இருக்கும். தகப்பன் பெயர் புனிதர் பெயராக இருக்கும், வீட்டில் கூப்பிட்ட பெயர் இருக்காது. மெட்ராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் உள்ளன. பெங்களூரு கண்டோன்மெண்ட் பதிவுகளும் அதில் வரும். பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். இடையில் தமிழ்ப் பெயர்களும் தட்டுப்படும்.

கோலார் தங்கவயலில் இருந்து வந்த குடும்பங்களின் கதை வேறு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலை தொடங்கியது. குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து போன தலித் மக்கள். கம்பெனி அவர்களை எண்ணாலும் கைரேகையாலும் பதிய நினைத்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். தங்களைக் கட்டிப்போட வந்த காகிதம் அது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கோபம் நியாயம். ஆனால் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பிறகு, காலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வருகிற பேரப்பிள்ளைகள், தாத்தாவின் பெயர் ஏதாவது ஒரு சர்வீஸ் தாளில் இருக்குமா என்று தேடுகிறார்கள். அப்பா பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில், தாத்தா பெயர் வேலை அட்டையில், அம்மா பெயர் பள்ளிக்கூட டி.சி.யில். மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், வீட்டு எண்ணும் தொழிலாளர் குடியிருப்பு லைனின் பெயரும் ஒன்றுபோல் இருப்பது கண்ணில் படும்.

மற்றவர்களுக்கு நிலப் பத்திரம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, 1860-களின் இனாம் பதிவேடு. நிலம் இருந்தவனுக்குத்தான் இந்தத் தடம். நிலம் இல்லாதவனுக்குக் கப்பல் பேரேடு. இது கசப்பான உண்மை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: சொந்த ஊரில் ஒரு வரிகூடப் பதியப்படாத ஏழை, ஒப்பந்தக் கூலியாக நாட்டைவிட்டுப் போன நாளில்தான் தலை முதல் கால் வரை விவரிக்கப்பட்டான். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். தகப்பன் பெயர், ஊர், உடம்பின் தழும்பு வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க எழுதியது. மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேரேடுகளோடு கூலிகளின் போட்டோக்களும் இருக்கின்றன.

ஒரு டிகிரி சாய்வு

ஒட்டுவது கஷ்டமான வேலை அல்ல. ஒரு பக்கத்தை ஒரு லேயரில் வைத்து, மற்றொன்றை அதன் மேல் பாதி ஒளி ஊடுருவும்படி வைத்து, கோட்டோடு கோடு சேர்த்தால் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒட்டிய படம் அழகாக இருக்கும். அழகாக இருப்பதை மனசு நம்பிவிடும்.

ஹலசூர் வீட்டில் நடந்தது எல்லோருக்கும் நடக்கக்கூடியதுதான். பெரிய பேரேட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது, நாற்பது வரிகள் இருக்கும். படம் ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஓரத்தில் வரி மாறிப்போகலாம். தாத்தா உயிரோடு இருந்ததால் ஊர் பெயர் தவறென்று தெரிந்தது. அவர் இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பம் வேறொருவரின் ஊருக்குப் போய்க் குலதெய்வத்தைத் தேடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து இன்னும் நான்கு கிளைக் குடும்பங்கள் காப்பி எடுத்திருக்கும்.

எழுத்தைப் ‘பளிச்’ ஆக்குவதில் இன்னொரு ஆபத்து. பழைய இரும்பு மை காலப்போக்கில் பழுப்பாக மங்கும். படத்தை நிறச் சேனல்களாகப் பிரித்து நீலச் சேனலை மட்டும் பார்த்தால் மங்கிய மை எடுப்பாகத் தெரியும். சிவப்புச் சேனலில் மஞ்சள் கறை மறையும். இவை இருப்பதைக் காட்டுகிற வித்தைகள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ‘ஏஐ மூலம் தெளிவாக்கு’ என்ற பொத்தான் அப்படியல்ல. எழுத்து தெரியாத இடத்தில் அது எழுத்தை உண்டாக்கி வைக்கிறது. முகத்திலும் அப்படித்தான். கொள்ளுப்பாட்டிக்கு அது வரைந்து தரும் கண் கொள்ளுப்பாட்டியின் கண் அல்ல.

ஏஐ வருவதற்கு முன்பே இயந்திரம் இப்படிச் செய்திருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள், படத்தைச் சுருக்கும்போது 6-ஐ 8 ஆக மாற்றிவிடுவதை 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்துச் சொன்னார். ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டிருந்தது மென்பொருள். தாளில் கிறுக்கலோ கறையோ இல்லை. பார்க்க சுத்தமாக இருந்தது. 1868-ல் பிறந்தவரை 1888-ல் பிறந்தவராக்க ஒரே ஓர் எண் போதும். அதோடு ஒரு தலைமுறை காணாமல் போய்விடும்.

பெயர்களின் பாடு தனி. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். முனுசாமி தென்னாப்பிரிக்காவில் மூன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார், பிள்ளை பிள்ளே ஆனார். பெண்களுக்கு அதுவும் இல்லை. ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு பல பதிவுகள் முடிந்துவிடும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை அதிகம் உதவுவது இப்படிக் காணாமல் போன பெண்களுக்குத்தான். ஞானஸ்நானத் தாளில் தாயாக, அடக்கத் தாளில் விதவையாக, பேரனின் பள்ளிப் பதிவில் பாதுகாவலராக ஒரே பெண் வருவாள். மூன்றாவது தாளில்தான் அவளுடைய சொந்தப் பெயர் இருக்கும்.

■ ஒட்டுமுன் கவனிக்க

முதல் ஸ்கேனைத் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். பொடி எழுத்துக்கு 600 டிபிஐ வேண்டும். ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமித்தால் எழுத்தின் ஓரம் சிதையும். டிஃப் அல்லது பிஎன்ஜி நல்லது. மொபைல் ஸ்கேன் ஆப்கள் தாளை வெளுப்பாக்கும்போது பென்சில் குறிப்பைத் தின்றுவிடும்; அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். ஒட்டிய இடத்தை மறைக்காதீர்கள். சின்ன இடைவெளியோ நிறக் கோடோ விடுங்கள். எந்தப் பேரேடு, எந்தப் பக்கம், எங்கே இருக்கிறது, யார் எப்போது ஒட்டினார்கள் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் போகும் படத்தோடு ஃபைல் பெயர் போகாது. படத்துக்குள் எழுதியது போகும். ஜிம்ப் இலவச மென்பொருள். இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

ஒட்டுப் படம் ஆவணம் ஆகாது

வீட்டுச் சுவரில் மாட்டும்வரை பிரச்னை இல்லை. அதே படத்தைச் சொத்து வழக்கில், வாரிசுச் சான்றில், சாதிச் சான்றிதழுக்கான மனுவில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பலர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. இத்தனை வருடம் தேடி ஒட்டியதாயிற்றே என்ற நம்பிக்கை.

சட்டம் அதை அப்படிப் பார்க்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஃபைலின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஒரு பிக்சலை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டு பக்கத்தை ஒட்டி, ஒட்டிய இடத்தை மறைத்து, மூலம் என்று நீட்டினால் அது போலி ஆவணம் என்ற கேள்வி வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகள் அதற்காகவே இருக்கின்றன. அலுவலகத்துக்கு மூலப் பதிவின் சான்றிட்ட நகலைத்தான் கொடுக்க வேண்டும். ஒட்டிய படம் அந்த நகலை எங்கே கேட்பது என்று உங்களுக்குக் காட்டும் வழிகாட்டி, அவ்வளவே.

காகிதம் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதை அஸ்ஸாம் பார்த்துவிட்டது. 1951 கணக்கெடுப்பை ஒட்டித் தயாரித்த குடிமக்கள் பதிவேட்டிலோ, 1971 மார்ச் 24 வரையான வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களிலோ முன்னோர் பெயரைக் காட்டி, அவரோடு தன் உறவையும் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். 2019 ஆகஸ்ட் 31-ல் வெளிவந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் இல்லை. எழுத்துப்பிழை, வயது வித்தியாசம், கல்யாணமாகி ஊர் மாறிய பெண்ணுக்குத் தகப்பனோடு உறவைக் காட்டும் தாள் இல்லாதது என்று பலரும் மாட்டிக்கொண்டார்கள். குடும்ப வரலாற்றை ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறைத்து வைத்ததும் வெளியே வரும்

பழைய பதிவேட்டில் சாதிக் கட்டம் இல்லாமல் இருக்காது. ஊரைவிட்டு ஓடி, பெயரை மாற்றி, நகரத்தின் கூட்டத்தில் கரைந்து, பிள்ளைகளைத் தலைநிமிர்த்தியவர்கள் இந்தப் பெங்களூருவில் எத்தனையோ பேர். அவர்கள் வேண்டுமென்றே விட்டுவந்த ஒரு சொல்லை, எண்பது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம். தத்தெடுத்த பிள்ளை, இரண்டாம் தாரம், 1898 பிளேக்கில் கைவிடப்பட்ட குழந்தை, தொழுநோய் வந்து விலக்கிவைக்கப்பட்டவர் என எல்லாமே அடக்கப் பேரேடுகளில் இருக்கக்கூடும். நூறு வருடத்துக்கு முந்தியவரைப் பற்றியானால் எழுதலாம் என்பது என் கருத்து. உயிரோடிருப்பவரைத் தொடும் விஷயமென்றால் அவரைக் கேட்காமல் போடக்கூடாது. அந்தக் கட்டத்தைப் படத்தில் மறைத்தால், மறைத்திருக்கிறோம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். அழித்துவிட்டு வெறும் காகிதம்போல் காட்டுவது பதிவையே திருத்துவதாகும்.

2027-ஐ என்ன செய்யப் போகிறோம்?

அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16-ல் வெளியானது. அடிப்படை நாள், நாட்டின் பெரும்பகுதிக்கு, 2027 மார்ச் 1. முதல்முறையாக மொபைல் ஆப் வழியே விவரம் சேகரிப்பு. விரும்புகிறவர்கள் தாங்களே பதியவும் வழி. 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் கணக்கெடுப்பும் இதுதான்.

காகிதக் காலத்தில் கோடிக்கணக்கான தாள்களை வைக்க இடமில்லை என்று சொல்ல முடிந்தது. இனி அந்தக் காரணம் செல்லாது. ரகசியம் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாதி விவரமும் சேர்ந்திருப்பதால் பூட்டு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் பூட்டுக்கு ஒரு கெடு வேண்டும். நூறு ஆண்டுக்குப் பிறகு திறக்கப்படும் என்று 15-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால், 2127-ல் பெங்களூருவில் பிறந்திருக்கும் பிள்ளைக்குத் தன் முன்னோரின் பெயர் கிடைக்கும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு, கர்நாடக உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது நம் வீட்டுப் பெட்டி. பெரியவர்கள் இருக்கும்போதே அந்தத் தாள்களை ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கும் பெயர்களை அவர்கள் வாயால் சொல்லவைத்துப் பதிவுசெய்யுங்கள். பழைய ஞானஸ்நானப் பேரேடு வேண்டுமானால் பங்குத் தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பேரேட்டை விரித்து அழுத்திப் படமெடுக்காதீர்கள், நடுத்தையல் பிரிந்தால் தாள் கையோடு வந்துவிடும். ஒட்டிய படத்தை உறவினர்களுக்கு அனுப்பும்போது ஒட்டாத இரண்டு பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.